கற்பவரின் பிழையும் உடனிருப்போரின் பொறையும்: பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டில் விமானம் ஓட்டக் கற்றலை முன்வைத்து

முன்னுரை

எந்தக் கலையும் பிழை செய்தே கற்கப்படுகிறது. இதனைக் கல்வியியலார் அனைவரும் ஒப்புவர். ஆயினும் அப்பிழைகளின் விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. வீணை பயில்பவர் தவறான நரம்பைத் தொட்டால் இழப்பு அவர் செவியோடும், மிகுந்தால் அண்டை வீட்டார் பொறுமையோடும் முடிந்துவிடும். அறுவை மருத்துவம் பயில்பவர் முதன்முதலாகக் கத்தியை எடுக்கும்போது அவர் பிழைக்கு விலை கொடுக்கக் காத்திருப்பது பிறிதோர் உடல். முன்னதில் அறச்சிக்கல் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பின்னதில் சிக்கல் மிகப் பெரிது. ஆகவே அதனைச் சட்டமும் மருத்துவ மன்றங்களும் வரையறுத்துள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில், சட்டத்தின் கை எட்டாதனவும் ஆனால் பிறர்க்கு உண்மையான இழப்பைத் தருவனவுமான கற்றல்கள் பல உள. பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டில் விமானம் ஓட்டக் கற்பது அவற்றுள் ஒன்று.

இது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தகாத சிறுபொருள் என்று தோன்றலாம். எனினும் உயிரிழப்பு என்னும் கூறு இங்கு முற்றிலும் நீங்கியிருப்பதனால், கற்பவர்க்கும் உடனிருப்பவர்க்கும் இடையிலுள்ள கடப்பாடு எத்தகையது என்பது தனித்து நோக்கத்தக்க தெளிவுடன் புலப்படுகிறது. அச்சத்தையும் சட்டத்தையும் விலக்கிய பின்னரும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே இங்கு ஆராயப்படுகிறது. கற்றல் குறித்து நன்னூலார் வகுத்த பகுப்பொன்று இவ்வாராய்ச்சிக்குத் துணையாகிறது.

கப்பல் தளத்தில் நிற்கும் விமானம்

2002ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 'பேட்டில்ஃபீல்டு 1942' என்னும் விளையாட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சுவீடன் நாட்டின் டைஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டில் இணையவழியே 64 பேர் வரை இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆட இயன்றது. இரண்டாம் உலகப்போர்க் களங்களே அதன் ஆடுகளங்கள். அவற்றுள் பசிபிக் பெருங்கடலிலுள்ள வேக் தீவு பரவலாக அறியப்பட்டது; விலையின்றி வழங்கப்பட்ட முன்னோட்டப் பதிப்பில் இக்களமே இடம்பெற்றிருந்தமையால், ஆட்டக்காரர் பலர் விமானத்தை முதன்முதல் தொட்டதும் இங்கேதான். (1941 டிசம்பரில் இத்தீவில் உண்மையாகவே போர் நடந்தது. 1943 அக்டோபரில் அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர் 98 பேர் கொல்லப்பட்டனர். அத்தகைய மண்ணை ஆடுகளமாக்குவது தகுமா என்பது தனியே ஆராயத்தக்க வினா. அஃது இக்கட்டுரையின் எல்லைக்கு உட்பட்டதன்று.)

ஜப்பானிய அணி கடலிலிருந்து தீவைத் தாக்க வேண்டும். அதன் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் சில விமானங்களே நிற்கும். அணியிலோ முப்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கக்கூடும். யார் முதலில் ஓடிச்சென்று ஏறுகிறாரோ விமானம் அவருடையது. உரிமம் உண்டா, பயிற்சி உண்டா என்று கேட்பாரில்லை. ஒரு விமானம் அழிந்தால் சிறிது நேரம் கழித்தே அதன் இடத்தில் புதியது தோன்றும். அதுவரை தளத்தில் காத்திருக்க வேண்டும். அன்றேல் படகேறிக் கரைக்குச் செல்ல வேண்டும். மேலும் ஒவ்வோர் அணிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சீட்டுகள் உண்டு. வீழ்ந்த ஒருவர் மீண்டும் களம் புகும்போதெல்லாம் அவரணியின் சீட்டு ஒன்று குறையும். சீட்டுகள் தீர்ந்த அணி தோற்கும். ஆகவே ஒருவர் வீழ்வது அவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. அணியின் கணக்கில் எழுதப்படும் செலவு அது.

இந்நிலையில் புதியவர் ஒருவர் விமானத்தில் ஏறுகிறார். விசையைக் கூட்டுகிறார். தளத்தின் விளிம்பு நெருங்குவதைக் கண்டு அஞ்சி, போதிய வேகம் வருமுன் முகப்பைத் தூக்குகிறார். அல்லது எந்தப் பக்கம் இழுத்தால் முகப்பு உயரும் என்பதை மறந்து எதிர்ப்பக்கம் தள்ளுகிறார். விமானம் கடலில் விழுகிறது. மீண்டும் தளத்தில் தோன்றி அடுத்த விமானத்தில் ஏறுகிறார். இம்முறை மேலெழுந்துவிடுகிறார், மகிழ்ச்சி மிகுதியால் செங்குத்தாக ஏற முயல்கிறார், வேகம் குன்றி விமானம் தலைகுப்புறக் கவிழ்கிறது. மூன்றாம் முறை தீவை அடைகிறார். கீழே உள்ள இலக்கை நோக்கிப் பாய்கிறார். நிமிர்த்த வேண்டிய கணம் கடந்துபோகிறது. பத்து நிமிடங்களுக்குள் மூன்று விமானங்கள், மூன்று சீட்டுகள்.

இத்தவறுகளுள் எதனையும் முன்கூட்டிச் சொல்லித் தடுத்துவிட முடியாது என்பது கருதத்தக்கது. முகப்பை மிகுதியாக நிமிர்த்தினால் இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரியும், தூக்குவிசை முறியும், அப்போது மேலே இழுக்கத் துடிக்கும் கையை அடக்கி முகப்பைக் கீழே தள்ள வேண்டும். இதனை ஏட்டில் படித்தவர் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுவார். ஆனால் திரையில் கடல் எழுந்து வரும்போது அவர் கை இழுக்கவே செய்யும். இன்னது என அறிதலும் இவ்வாறு செய்ய அறிதலும் வெவ்வேறு அறிவுகள் என்று கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட 'மனம் பற்றிய கருத்து' என்னும் நூலில் நிறுவினார். இரண்டாம் வகை அறிவு செய்து பார்த்தாலன்றி வாராது. செய்து பார்ப்பதற்கோ விமானம் வேண்டும்; அந்த விமானம் அணி முழுமைக்கும் பொதுவானது.

பயிற்சியின் விலை: வரலாற்று நோக்கு

வானில் பறத்தலின் வரலாற்றையே இவ்விலை யார்மேல் விழுந்தது என்னும் நோக்கில் படிக்கலாம். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் பொறியில்லா மிதவை விமானங்களில் ஏறித் தாமே குன்றிலிருந்து பாய்ந்து பாய்ந்து கற்றார். 1896 ஆகஸ்டில் வீழ்ந்து இறந்தார். அவர் கற்றலின் விலையை அவரே கொடுத்தார். ரைட் உடன்பிறப்பினர் இருவரும் ஒரே விமானத்தில் சேர்ந்து பறப்பதைத் தவிர்த்தனர். ஒரு விபத்து இருவரையும் கொண்டுபோய்விடக் கூடாது என்பது கருதி. 1910இல் ஒரே ஒருமுறை தந்தையின் இசைவு பெற்றுச் சேர்ந்து பறந்தனர். ஆனால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1908 செப்டம்பர் 17 அன்று, ஃபோர்ட் மையர் என்னுமிடத்தில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் வீழ்ந்தபோது உடனிருந்த தாமஸ் செல்ஃபிரிட்ஜ் என்னும் படை அலுவலர் உயிரிழந்தார். விசைவிமான விபத்தில் இறந்த முதல் மனிதர் விமானத்தை ஓட்டியவர் அல்லர், உடன் அமர்ந்தவர். இச்செய்தி இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் கருதப்படும்.

முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் ராபர்ட் ஸ்மித்-பாரி 1917இல் வகுத்த பயிற்சிமுறை ஒரு திருப்பம். இடர்களைத் தவிர்க்கக் கற்பிப்பதை விடுத்து, ஆசிரியர் உடனிருக்க மாணாக்கரை வேண்டுமென்றே இடருக்குள் செலுத்தி மீளக் கற்பித்தார் அவர். இங்கு விலையை ஆசிரியரும் பங்கிட்டுக் கொள்கிறார். மாணாக்கர் வீழ்ந்தால் ஆசிரியரும் வீழ்வார். ஆசிரியர் தொழிலின் இயல்பை இதனினும் வெளிப்படையாகக் காட்டும் சான்று பிற துறைகளில் எளிதில் கிடைக்குமா என்பது ஐயமே.

அடுத்த திருப்பம் விளையாட்டோடு நேரே தொடர்புடையது. நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தையார்க்கு இசைப்பெட்டிகளும் ஆர்கன்களும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அங்கே கையாளப்பட்ட காற்றுத் துருத்திகளைக் கொண்டே லிங்க் 1920களின் இறுதியில் தரையில் நின்றபடி சாயவும் திரும்பவும் வல்ல பயிற்சிப் பொறியை அமைத்தார். அதற்கு அவர் பெற்ற காப்புரிமை, அதனை விமான மாணாக்கர்க்கான பயிற்சிக் கருவியாகவும் கேளிக்கைக் கருவியாகவும் ஒருங்கே குறித்தது. முதலில் அதனை விரும்பி வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்களே. 1934இல் அமெரிக்கப் படைவிமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றுச் சில வாரங்களுக்குள் மோசமான வானிலையில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே படை அப்பொறியைத் திரும்பிப் பார்த்தது. விளையாட்டுப் பொருளாகச் சந்தைக்கு வந்தது பயிற்சிக் கருவியாக ஏற்கப்பட்டது. பின்னர் கணினியின் வழி மீண்டும் விளையாட்டானது.

லிங்க் பொறியின் அறச்சிறப்பு யாதெனில், அது பிழைக்கு விலையே இல்லாமல் செய்தது. வீழ்ந்தாலும் எவர்க்கும் இழப்பில்லை. ஒருவர் தம் அறையில் தனியே ஆடும் பறத்தல் விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கெஸ்மாய் நிறுவனம் 'ஏர் வாரியர்' என்னும் விளையாட்டைத் தொலைபேசிக் கம்பிவழி இயங்கிய கணினி வலையமைப்பில் வைத்தபோது நிலைமை மாறியது. வானில் எதிர்ப்படும் விமானத்தை ஓட்டுபவர் மற்றொரு மனிதர். பக்கத்தில் பறப்பவரும் மனிதர். அனைவரும் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி அமர்ந்திருப்பவர். லிங்க் நீக்கிய விலை இங்கே வேறு நாணயத்தில் திரும்பி வந்தது.

இழப்பின் தன்மை

அந்த நாணயம் யாது? 'விளையாட்டுதானே' என்பது புதியவர் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் விடை. உயிர் போகவில்லை, உடைமை போகவில்லை, ஆதலால் குற்றமில்லை என்பது இதன் உட்பொருள். இவ்விடை ஏற்கத்தக்கதன்று. ஆட்டத்திற்குள் நிகழ்வதை ஆட்டத்திற்கு வெளியிலுள்ள அளவுகோலால் அளந்து, இழப்பில்லை என்று அது முடிவுகட்டுகிறது. சதுரங்கக் காய்களைக் கலைத்துவிட்டு 'மரத்துண்டுகள்தாமே' என்று கூறுவதை ஒத்தது அது. விளையாட்டு தன் எல்லைக்குள் முழு ஈடுபாட்டைக் கோருவது என்பதை யோகான் ஹூயிசிங்கா 1938ஆம் ஆண்டு நூலிலேயே வலியுறுத்தினார். வேண்டாத தடைகளைத் தாமே விரும்பி ஏற்று வெல்ல முயல்வதே விளையாட்டு என்று 1978இல் பெர்னார்ட் சூட்ஸ் வரையறுத்தார். இவ்வரையறையை ஏற்றால், உடன் ஆடுபவர் அத்தடைகளைப் பொருட்டாகக் கொள்ளாதபோது மற்றவர் முயற்சியின் பொருளே குலைந்துவிடும் என்பதையும் ஏற்க வேண்டும்.

ஒருவர் நாள்முழுதும் உழைத்துவிட்டு இரவில் ஒரு மணிநேரம் ஒதுக்கி ஆட அமர்கிறார். அவ்வொரு மணியில் ஒரு பகுதி, கடலில் விழும் விமானங்களைப் பார்த்து நிற்பதில் கழிகிறது. தாம் கவனத்துடன் காத்த சீட்டுகள் பிறரால் செலவாகின்றன. இவை சிறு இழப்புகளே. ஆனால் பொய்யான இழப்புகள் அல்ல. இவற்றுக்கு அவர் முன்கூட்டி இசைவு தந்தாரா என்றால், பொதுக்களத்தில் நுழைந்ததே இசைவு எனச் சிலர் வாதிடுவர். சாலையில் நடப்பவர் அனைவரும் புதிய ஓட்டுநர் மோதுவதற்கு இசைந்தவர் என்று கூறுவதை ஒத்த வாதம் இது. பொது இடத்தில் நுழைபவர் சில பிழைகளை எதிர்பார்க்க வேண்டும் என்பது உண்மை. எதிர்பார்த்தல் வேறு, இசைதல் வேறு.

தனித்துக் கற்றலும் அதன் எல்லையும்

தேர்ந்த ஆட்டக்காரர் கூறும் விடை நேர் எதிரானது: தனியே கற்றுக்கொண்டு பின் வரவேண்டும். 'பேட்டில்ஃபீல்டு 1942'இல் கணினியே பிற வீரர்களை இயக்கும் தனிநபர் ஆட்டம் இருந்தது. 2013இல் வந்த அதே வரிசையின் 'பேட்டில்ஃபீல்டு 4' ஆட்டத்தில், ஊர்திகளைத் தனியே ஓட்டிப் பழகுதற்கென்று ஒரு களமே சேர்க்கப்பட்டது. மேலெழுதல், திரும்புதல், பாய்ந்து நிமிர்தல், தரையிறங்குதல் ஆகியவற்றைப் பிறரைத் துன்புறுத்தாமல் கற்க வழியிருக்க, அவ்வழியை நாடாதவர் பக்கம் நியாயமில்லை. இவ்வளவில் இவ்விடை சரியானதே.

ஆனால் இவ்விடையைக் கூறுவோர் பலர் இவ்வளவோடு நிற்பதில்லை. முழுதும் கற்ற பின்னரே வரவேண்டும் என்பதே அவர்தம் உட்கிடை. அங்குதான் சிக்கல். வானில் ஒருவரைப் பின்தொடர்ந்து செல்லும்போது, அவர் அடுத்து வலப்புறம் திரும்புவாரா, மேலெழுவாரா, வேகத்தைக் குறைத்து முந்திச்செல்ல விடுவாரா என்பதைக் கணிக்கும் திறமே வான்போரின் சாரம். கணினி இயக்கும் எதிரி விதிப்படி திரும்பும். மனிதர் அஞ்சித் திரும்புவர், ஏமாற்றித் திரும்புவர், சில வேளை காரணமின்றியும் திரும்புவர். தரையிலுள்ள தன் அணியினர்க்கு எப்போது துணை வேண்டும் என்பதை உணர்தலும் அவ்வாறே. மற்றொரு மனத்தை எதிர்கொள்ளக் கற்பதற்கு மற்றொரு மனம் வேண்டும். தனியறைப் பயிற்சியால் பொறியை அறியலாம். களத்தை அறிய இயலாது.

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்து மயிற்பொறியை இங்கு நினைவுகூரலாம். இலக்கியத்தில் வானவூர்திகள் வேறிடங்களிலும் உள. புறநானூற்றின் 27ஆம் பாட்டு குறிப்பது செலுத்துவோர் இன்றியே செல்லும் ஊர்தி. தகுதியுடையோர்க்குப் பரிசாகக் கிட்டுவது. அதில் கற்பதற்கு ஒன்றுமில்லை. சிந்தாமணியின் பொறியோ மனிதத் தச்சன் செய்தது. வலப்புறம் திருப்பினால் எழும், இடப்புறம் திருப்பினால் இறங்கும். ஆதலால் பழக வேண்டுவது. விசயை அதனை இடர்வருமுன்பே இயக்கப் பழகிக்கொள்கிறாள். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் சச்சந்தன் அவளை அதிலேற்றி அனுப்புகிறான். பழகியபடியே பொறி எழுகிறது, பயிற்சி வீண்போகவில்லை. ஆனால் பகைவனின் வெற்றி முரசு செவியில் விழுகிறது. கணவன் இறந்தான் என்பதை உணர்ந்து அவள் மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. பொறியை இயக்கும் கைப்பழக்கம் அவளிடம் முழுமையாக இருந்தது. முரசொலியினூடே இயக்கும் பழக்கத்தை எந்த அரண்மனைப் பயிற்சியும் தந்திருக்க இயலாது. இக்காட்சியை அவல உணர்வுக்குச் சான்றாகக் கொள்வதோடு பயிற்சியின் எல்லைக்குச் சான்றாகவும் கொள்வதற்கு இடமுண்டு.

ஹூபர்ட் டிரைஃபஸ் இக்கருத்தை வேறொரு திசையில் கொண்டுசென்றவர். அவரும் உடன்பிறந்தாரான ஸ்டூவர்ட் டிரைஃபஸும் 1980இல் அமெரிக்க விமானப்படைக்காகத் திறன் பெறுதலின் ஐந்து படிநிலைகளை வகுத்தனர். விதிகளைப் பற்றிக்கொண்டு தொடங்கும் புதியவர், வெற்றி தோல்விகளில் உள்ளம் தோய்ந்தே விதிகளைக் கடந்த தேர்ச்சியை அடைகிறார் என்பது அதன் சாரம். 2001இல் வெளிவந்த 'இணையத்தின்மீது' என்னும் நூலில் ஹூபர்ட் டிரைஃபஸ், உடல்சார்ந்த இடர் இல்லாத இணையவெளியில் இத்தோய்வு நிகழாது, ஆதலால் உயர்தேர்ச்சியும் நிகழாது என்று வாதிட்டார். தனியறைப் பயிற்சியைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் வலுவுண்டு. பலர் கூடும் களத்திற்கு இது அப்படியே பொருந்துமா என்பது ஐயம். அங்கே உடல் இடர்ப்படுவதில்லை. ஆனால் பிறர் முன் நாணுதல் உண்டு. தன்னால் அணியின் சீட்டு குறைந்ததை அனைவரும் காண்கின்றனர். மானத்தை உயிரினும் பெரிதாகப் பேசும் இலக்கியங்களில் பயின்றவர்க்கு, நாணத்தை இடரின் வகையாகக் கொள்ளத் தடையிராது. டிரைஃபஸ் தேடிய தோய்வைப் புதியவர்க்குத் தருவது இந்நாணமே.

இதனால் ஒரு முரண் தோன்றுகிறது. புதியவரின் பிழையைக் குற்றமாக்குவது எது? உடனிருப்போர்க்கு இழப்பு நேர்வது. அவரைத் தேர்ச்சிக்குக் கொண்டுசெல்வது எது? உடனிருப்போர்க்கு இழப்பு நேர்வதைத் தாம் உணர்வது. ஒன்றை நீக்கினால் மற்றொன்றும் நீங்கும். ஆகவே பிழையற்ற பொதுக்களம் என்பது இயலாதது மட்டுமன்று. அங்கே கற்றலும் நின்றுவிடும்.

காற்கூறும் அரைக்கூறும்

பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கற்றலைக் கூறுபடுத்திக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கர்க்கு வருவது கால்பங்குப் புலமையே. அதே செயலில் ஈடுபட்டாரோடு கூடிப் பயில்வதால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் வரும். இலக்கணம் கற்பார்க்குச் சொல்லப்பட்ட இப்பகுப்பு செயல்திறனுக்கும் பொருந்துவது வியப்பன்று. இலக்கணத்தையும் பவணந்தியார் வெறும் செய்தித்தொகுதியாகக் கருதவில்லை.

முதற் கால்பங்கு தனியறைக்கும் கையேட்டுக்கும் உரியது. அதனைப் பெறாமல் பொதுக்களத்திற்கு வருபவர் பிறரிடம் கேட்கத் தகாததைக் கேட்கிறார். இரண்டாம் கால்பங்கு உடன்பயில்வாரோடு கூடியன்றி வாராதது. அதற்காக வருபவர் கேட்பதோ கேட்கத்தக்கது. புதியவரின் உரிமைக்கு எல்லை இவ்வாறு அமைகிறது: தனித்துக் கற்க இயலாததைக் கற்கும் அளவுக்கே பிறர் பொறுமையின்மேல் அவர்க்கு உரிமையுண்டு. விசையைக் கூட்டுவது எவ்வாறு என்றறியாமல் ஏறுபவரையும், ஏறிப் பறந்து எதிரியின் ஏமாற்றில் வீழ்ந்தவரையும் ஒரே சொல்லால் இகழ்வது தேர்ந்தோர் வழக்கம். இருவரும் ஒருவரல்லர்.

இறுதி அரைப்பங்கு தேர்ந்தோரைப் பற்றியது. இங்குதான் விளையாட்டுக் களங்களின் நடைமுறை வருந்தத்தக்கதாக உள்ளது. விமானத்திற்காகக் காத்திருப்போர், தமக்கு முன் ஏறிவிட்ட தம் அணியினரையே சுட்டுவீழ்த்தி விமானத்தைப் பறித்த செயல்கள் இவ்வரிசை ஆட்டங்களில் அரியன அல்ல. 2005இல் வெளிவந்த 'பேட்டில்ஃபீல்டு 2' ஆட்டத்தில், தன் அணியினராலேயே வீழ்த்தப்பட்டவரிடம் 'தண்டிக்கவா, மன்னிக்கவா' என்று கணினி கேட்கும் முறை இருந்தது. அறவியல் நோக்கில் இது சுவையான ஏற்பாடு. நடுவர் தீர்ப்பை வீழ்ந்தவர் கையில் கொடுத்துவிடுகிறார். ஆனால் வேண்டுமென்றே சுட்டதையும் அறியாமல் நேர்ந்த பிழையையும் அவ்வினா வேறுபடுத்துவதில்லை. அவ்வேறுபாட்டைக் காணும் பொறுப்பும் வீழ்ந்தவருடையதே. அவரோ அப்போது சினத்திலிருப்பவர்.

புதியவரைத் துரத்தும் தேர்ந்தவர் தம் நேரத்தைக் காத்துக்கொள்கிறார். நன்னூற் கணக்குப்படி தம் புலமையில் பாதியை இழக்கிறார். தாம் செய்வதை இன்னவாறு செய்கிறேன் என்று சொற்களால் விளக்கும்போதுதான், கை அறிந்த பலவற்றை மனம் அறியாதிருந்தது அவர்க்கே புலப்படும். 'கப்பலின் விளிம்பு வரும்வரை தூக்காதே. விளிம்பைத் தாண்டியபின் சற்றே தாழ விடு. வேகம் வந்தபின் மெல்ல எழு' என்று கூறுபவர், தாம் இதுவரை தாழவிட்டே எழுந்ததை அப்போதுதான் கண்டுகொள்கிறார். மேலும் அவரும் ஒருகாலத்தில் பிறர் விமானங்களைக் கடலில் தள்ளியவரே. அன்று பொறுத்தவர் எவர் எனத் தெரியாது. புனைபெயர்களுக்குப் பின்னாலிருந்த அவர்களைத் தேடிக் கடனைத் திருப்பித் தரவும் இயலாது. கடனைப் பெறத் தக்கவராக எதிரில் நிற்பவர் அடுத்த புதியவர் மட்டுமே.

வேறொரு தீர்வு

இச்சிக்கலை அறவழியில் தீர்க்காமல் அமைப்புவழியில் தீர்த்த விளையாட்டுகளும் உண்டு. 2012 இறுதியில் பொதுமக்கள் சோதனைக்குத் திறக்கப்பட்ட 'வார் தண்டர்' அவற்றுள் ஒன்று. இங்கு விமானம் பொதுச்சொத்தன்று. ஒவ்வொருவரும் தத்தமக்குரிய விமானத்துடன் வருகின்றனர். எளிய முறைகளில் ஆட்டக்காரர் சுட்டியால் ஒரு திசையைக் காட்டினால் போதும். 'பயிற்றுநர்' என்று பெயரிடப்பட்ட நிரல் சுக்கானையும் இறக்கை மடிப்புகளையும் தானே இயக்கி விமானத்தை அத்திசைக்குத் திருப்பும். கடினமான முறையில் மட்டும் எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும். காத்திருப்பும் பறிப்பும் இவ்வமைப்பில் இல்லை. முதல் நாளிலேயே கவிழ்வதும் பெரிதும் குறைந்தது. இவை நன்மைகளே. ஆயினும் ஆசிரியரின் பெயரை ஏற்ற நிரல், ஆசிரியர் செய்வதைச் செய்வதில்லை. காஸ்போர்ட்டின் ஆசிரியர் தம் கையை விலக்கிக்கொள்ளும் நாளை நோக்கியே உடன் அமர்ந்தார். இந்நிரலோ, எளிய முறையிலேயே நின்றுவிடுபவரைவிட்டு ஒருநாளும் கையை எடுப்பதில்லை.

பின்னிருக்கை

இதுவரை கூறியவற்றால் தீராத நிலையொன்று உண்டு. வேக் தீவுக் களத்து ஜப்பானிய விமானங்களுள் ஐச்சி வால் என்னும் குண்டுவீச்சு விமானத்தில் ஓட்டுபவர்க்குப் பின்னால் மற்றொருவர் அமர்ந்து துப்பாக்கி இயக்க இடமுண்டு. அவ்விருக்கையில் அமர்பவர்க்கு விமானத்தின்மேல் எந்த ஆளுகையும் இல்லை. ஓட்டுபவர் தேர்ந்தவரா புதியவரா என்பது அவர்க்குத் தெரியாது. 1908இல் செல்ஃபிரிட்ஜ் அமர்ந்த இருக்கை அது, உயிரிடர் மட்டும் நீங்கியது. தளத்தில் காத்திருப்பவரின் இழப்பு பரவலானது, பெயரற்றது. பின்னிருக்கையில் இருப்பவரின் இழப்போ நேரானது. தம்மை ஒருவரிடம் ஒப்படைத்ததனால் நேர்வது.

இங்கே பொதுக்களத்தின் பொறுமை பற்றிய வாதங்கள் போதா. விலையை நேரே கொடுக்கப் போகிறவரிடம், புதியவர் தம் நிலையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. விசைப்பலகையில் ஓரிரு சொற்களைத் தட்டினால் போதும். ஆனால் விமானத்தின் விசை சுழலத் தொடங்கிய வேளையில், அதைச் சொன்னால் பின்னிருப்பவர் இறங்கிவிடுவார் என்னும் அச்சத்தில், சொல்லாமலே ஓட்டத் தொடங்குவோரே மிகுதி. அவர்கள் மறைப்பது திறமைக்குறைவை மட்டுமன்று. பின்னிருப்பவர்க்கு இருந்திருக்கக்கூடிய இசைவையும் கூட.

சொன்ன பின் நிகழ்வது இரண்டிலொன்று. பின்னிருப்பவர் இறங்கிச் சென்று அடுத்த விமானத்திற்காகத் தளத்தில் நிற்கலாம். அதில் அவர்மேல் குறையில்லை. அல்லது இறங்காமல், துப்பாக்கியைப் பின்புறம் திருப்பி வைத்துக்கொண்டு, விளிம்பு வரும்வரை முகப்பைத் தூக்கவேண்டாம் என்று மட்டும் தட்டி அனுப்பலாம்.